குடியிருப்பில் மேட்டுப்பாத்தித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதைச் சுற்றியும் அடுக்குமாடிக் குடியிருப்பு, நகர் நலச்சங்கம் என்று பல இடங்களில், சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாரும் சேர்ந்து காய்கறி போடலாமே என்ற பேச்சு எழுகிறது. எங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான் தொடங்கியது. தோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்தி கட்டுவது பெரிய வேலையே இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டு, பாதிப் பேர் ஊருக்குப் போய், கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் யார் தண்ணீர் விடுவார்கள் என்பதில்தான் இந்தத் தோட்டங்கள் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. கீழே சொல்லியிருப்பதில் பாதி, அந்த ஒரு கவலையிலிருந்து வந்தது.

தரையிலேயே போடலாமே, எதற்கு மேட்டுப்பாத்தி?

நல்ல மண் இருந்தால் தரையிலேயே போடுங்கள், அதைவிடச் சிக்கனம் எதுவும் கிடையாது. ஆனால் குடியிருப்புகளில் காலி இடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டு, சிமென்ட் கலவை, டைல்ஸ் உடைசல் எல்லாம் போட்டு மூடிய இடம்தான். ஒரு கடப்பாரையை எடுத்துக் குத்திப் பாருங்கள், அரை அடியிலேயே 'டங்' என்று சத்தம் வரும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் களிமண், ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் தண்ணீர் நிற்கும், வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மண்ணை ஒன்றேகால் அடி உயர்த்திவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் ஒரேயடியாகத் தீர்கிறது. குனிய முடியாத பெரியவர்களும் பாத்திச் சுவரில் உட்கார்ந்தே களை எடுக்கலாம் என்பது கூடுதல் லாபம், எங்களுக்கு அதுதான் பிறகு பெரிய லாபமாகத் தெரிந்தது.

தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஓர் அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி மணி பாருங்கள். நாலைந்து மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் நின்றால் மேட்டுப்பாத்தி தவிர வேறு வழி இல்லை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். அடுக்குமாடியின் பொது இடம் என்றால் அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பிரிபடாத பங்காக உள்ள சொத்து, தலைவரும் செயலாளரும் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது. பொதுக்குழுவில் வைத்து, எந்த இடம், எத்தனை பாத்தி, எத்தனை வருடம், தண்ணீர்ச் செலவு யார் கணக்கில் என்பதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றிக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழு மாறும்போது அந்த ஒரு தாள்தான் தோட்டத்தைக் காப்பாற்றும்.

லே-அவுட்டில் உள்ள ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு, வேறு கதை. அது தானப்பத்திரம் மூலம் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போயிருக்கும். நம் தெருவில் இருப்பதால் நம்முடையது ஆகிவிடாது. மண்டல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட்டுத்தான் கல்லை இறக்க வேண்டும்.

இடத்தை எப்படிப் பார்ப்பது?

மூன்று விஷயம்: வெயில், தண்ணீர்க் குழாய், கண்ணில் படும் இடம். கடைசியாகச் சொன்னதை யாரும் நினைப்பதே இல்லை. பின்பக்கம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மறைந்து கிடக்கும் தோட்டத்தை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தினமும் பால் வாங்கப் போகும் வழியில், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாடிய செடி எல்லார் கண்ணிலும் படும், யாராவது ஒருவர் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போவார்.

வெயில் விஷயத்தில் காய்களுக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், கீரைக்கு நான்கு போதும். ஆனால் ஏப்ரலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சென்னை அட்சரேகைக்கு மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். 40 அடி உயரக் கட்டடத்தின் நிழல் அப்போது நண்பகலிலேயே வடக்கே சுமார் 30 அடி நீளும். நம் ஊரில் காய்கறிக்கு மிக நல்ல மாதங்களே மார்கழியும் தையும்தான், அந்த நேரத்தில் பாத்தி நிழலில் கிடந்தால் என்ன பிரயோசனம்? அதனால் கட்டடத்துக்கு வடக்கே உள்ள இடமென்றால் 30 அடி தள்ளிப் போங்கள், அல்லது தெற்குப் பக்கத்தைத் தேடுங்கள்.

பெரிய மரத்துக்கு அடியிலும் வேண்டாம். நிழல் மட்டும் காரணமில்லை, வேப்ப மரத்து வேர் பாத்திக்கு அடியிலிருந்து ஏறி வந்து நீங்கள் போட்ட உரத்தை எல்லாம் சாப்பிட்டுவிடும்.

மொட்டை மாடியில் மேட்டுப்பாத்தி கட்டலாமா?

வேண்டாம். நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாகச் சுமை வைத்து வடிவமைக்கிறார்கள். ஒன்றேகால் அடி ஈர மண் மட்டுமே சதுர மீட்டருக்கு 500, 600 கிலோ வரும். கல்லின் எடை தனி. மாடிக்குப் பைகளும், கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள் கலவையும்தான் சரி, அதுவும் தூண், பீம் உள்ள ஓரங்களில். மாடியில் பாத்திதான் வேண்டும் என்று சங்கம் அடம்பிடித்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்காமல் ஒரு கல்லைக்கூட ஏற்ற விடாதீர்கள்.

எத்தனை பாத்தியோடு தொடங்கலாம்?

நான்கு. ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் நான்குதான். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள், வாட்ஸப் குழுவில் அறுபது பேர் சேர்வார்கள், மண்ணைச் சுமக்க எட்டுப் பேர் வருவார்கள். அந்த எட்டுக் குடும்பத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒரு பாத்திக்கு இரண்டு குடும்பம் என்று பிரித்துவிடுங்கள். இரண்டு குடும்பம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடு ஒன்று, ஓய்வுபெற்ற தம்பதி உள்ள வீடு ஒன்று என்று ஜோடி சேருங்கள். முதல் வீடு மே மாதம் முழுக்க ஊரில் இருக்காது, இரண்டாவது வீடு பெரும்பாலும் இருக்கும். அதே தம்பதி மகளைப் பார்க்க வெளிநாடு போகும்போது பிள்ளைகள் உள்ள வீடு பார்த்துக்கொள்ளும். ஒரே மாதிரி விடுமுறை எடுக்கும் இரண்டு வீடுகளை ஒரே பாத்தியில் போட்டால் அந்தப் பாத்தி காய்வது நிச்சயம்.

குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று தனித்தனியாகக் கொடுப்பதை முதல் வருடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கவனிக்காத ஒரு பாத்தியில் மாவுப்பூச்சி ஏறினால் பக்கத்துப் பாத்திக்கும் வந்துவிடும், அதிலிருந்து மனஸ்தாபம் ஆரம்பிக்கும்.

நீளம், அகலம், உயரம்?

அகலம்தான் முக்கியம். பாத்திக்குள் யாரும் கால் வைக்கவே கூடாது, மிதித்தால் மண் இறுகிவிடும், மேட்டுப்பாத்தி கட்டியதற்கே அர்த்தமில்லாமல் போகும். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும் என்றால் வெளி அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. சுவரை ஒட்டிக் கட்டுகிறீர்கள் என்றால் 2 அடி. நீளம் 8 அடி போதும், அதற்கு மேல் போனால் சுற்றி வரச் சோம்பல்பட்டு மக்கள் பாத்தியைத் தாண்டுவார்கள்.

உயரம் 16 அங்குலம் இருந்தால் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் வரும். கீரைக்கு 8 அங்குலமே போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு பாத்தியை மட்டும் 2 முதல் 2½ அடி உயரத்தில் கட்டுங்கள். அதன் அடியில் பாதி உயரத்துக்குத் தென்னை மட்டை, காய்ந்த கிளை, சருகு போட்டு நிரப்பி மேலே மண் போட்டால் மண் செலவு பாதியாகும். வருடா வருடம் அது மக்கி இறங்கும், மேலே கம்போஸ்ட் போட்டு நிரவிக்கொள்ள வேண்டியதுதான்.

பாத்திகளுக்கு இடையே 3 அடி வழி விடுங்கள். சக்கர நாற்காலி வர வேண்டுமென்றால் 4 அடி விடுங்கள், தரையைச் சமன் செய்யுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் வெண்டையும் கத்தரியும் வளர்ந்தபிறகு நடக்க வழி இருக்காது.

எதால் கட்டுவது?

மரப்பலகை வேண்டாம். படங்களில் அழகாக இருக்கும், நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் சில இடங்களில் கிடைக்கும், அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் சாப்பிடும் பயிருக்குப் பக்கத்திலேயே வரக்கூடாத பொருள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நிறுத்தி மண் கொட்டுவதையும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், உடையும்போது வரும் தூள் நுரையீரலுக்கு விஷம்.

பாக்கி இருப்பது மூன்று: செங்கல், சிமென்ட் பிளாக், தைத்து வரும் பெரிய எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) பைகள். சங்கம் எப்போது எடுக்கச் சொல்லுமோ என்ற நிலை இருந்தால் பை நல்லது, மூன்று நான்கு வருடம் தாங்கும். நிலையான இடம் என்றால் 4 அங்குல சாலிட் பிளாக்தான் என் தேர்வு. வெறுமனே அடுக்கி வைத்தால் மழையில் ஊறிய மண் சுவரை வெளியே தள்ளிவிடும், அதனால் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவையில் கட்டிவிடுங்கள். தண்ணீர் வடியக் கீழ் வரிசையில் இரண்டு மூன்று அடிக்கு ஒரு துளை விட மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அழகாக அடைத்துவிடுவார். அடியில் கான்கிரீட் போட விடாதீர்கள், பாத்தி தரை மண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும். கட்டி முடித்து ஒரு வாரம் சுவரை நன்றாக நனைத்துக் கழுவிவிட்டு மண் போடுங்கள்.

ஒரு பாத்திக்கு எவ்வளவு கல், எவ்வளவு மண்?

வெளி அளவு 8 அடிக்கு 4 அடி, இரண்டு வரிசை உயரம் என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குல நீளக் கல்லில் நீளப் பக்கம் ஆறு, ஆறு. அகலப் பக்கம் இரண்டரை, இரண்டரை. ஒரு வரிசைக்கு 17, இரண்டு வரிசைக்கு 34 கல். உடைசலுக்கு இரண்டு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே 88 அங்குலத்துக்கு 40 அங்குலம் கிடைக்கும். விளிம்புக்கு 2 அங்குலம் கீழே வரை நிரப்பினால் சுமார் 28 கன அடி. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ கம்போஸ்ட்டோ ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு என்றால் 14 கன அடி மண், 7 கன அடி உரம், 7 கன அடி கோகோபீட். 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் 65 முதல் 75 லிட்டர் வரும், ஆக ஒரு பாத்திக்கு மூன்று கட்டி. ஒரு யூனிட் மண் என்றால் 100 கன அடி. நான்கு பாத்திக்கு 56 கன அடிதான் தேவை, ஆனால் கலக்கும்போதும் முதல் மழையிலும் நிறைய இறங்கும் என்பதால் முக்கால் யூனிட் சொல்லுங்கள். குட்டி யானையில் ஒரே நடையில் வராது, பேரம் பேசும்போதே எத்தனை நடை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் எழுதவில்லை. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு உங்கள் ஏரியாவில் இரண்டு கடையில் விசாரித்தால் கணக்கு வந்துவிடும். கல், மண், கொத்தனார் கூலி இந்த மூன்றுக்கும்தான் பெரும்பகுதி போகும், விதைக்கு ஆவது சொற்பம்.

மண் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

லாரி வந்து கொட்டுவதற்கு முன்னாலேயே போய்ப் பாருங்கள். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுவென்று ஒட்டினால் களி அதிகம். கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக், அஸ்திவாரம் தோண்டிய சாம்பல் நிற மண் கலந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கோரைக்கிழங்கு. மண்ணைக் கிளறும்போது மிளகை விடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, நாரோடு சங்கிலி மாதிரிக் கோத்த கிழங்குகள் கிடைத்தால் அந்த லோடே வேண்டாம். ஒரு கிழங்கு பாத்திக்குள் போனாலும் வருடக் கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோகோபீட்டை அப்படியே போடக்கூடாது, அதில் உப்பு இருக்கும். ஊறவைத்த முதல் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கும், அதைக் கொட்டிவிட்டு நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கடையில் கேட்டால் அலசிய ரகமும் கிடைக்கும்.

சாணம் முழுதாக மக்கியிருக்க வேண்டும். பாதி மக்கியதில் வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள் இருக்கும், அவை வேரைத் தின்றுவிடும். கம்போஸ்ட் நம் குடியிருப்பிலேயே தயாரித்தால் இன்னும் நல்லது. 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் ஈரக்கழிவை முடிந்தவரை உள்ளேயே மக்க வைக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் சொல்லியிருந்தார்கள். தோட்டம் வந்தால் அந்த உரத்துக்கு ஒரு வேலையும் வந்துவிடும்.

இடம் முன்பு மெக்கானிக் ஷெட்டாகவோ பேட்டரிக் கடையாகவோ இருந்திருந்தால் ஈயம் இருக்கக்கூடும். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் உப்பும்தான் தெரியும், கன உலோகத்துக்குத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் தரை மண்ணோடு சேராத பைகளில் பயிரிடுவதே பாதுகாப்பு.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? போர் தண்ணீர் சரிவருமா?

மேலே சொன்ன பாத்திக்குக் கடுங்கோடையில் தினமும் சுமார் 15 லிட்டர், மற்ற நாட்களில் 8 முதல் 10. நான்கு பாத்திக்கு 60 லிட்டர். ஒரு வீட்டில் துவைக்கும் இயந்திரம் ஒரு தடவை ஓடும் தண்ணீருக்கு ஏறக்குறைய சமம். தண்ணீர்க் கணக்கைக் காட்டித்தான் பொதுக்குழுவில் எதிர்ப்பு வரும், இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரப் பகுதிகளில், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1000-ஐத் தாண்டியிருந்தால் மிளகாய் திணறும், இலை ஓரம் கருகும். பாலக், பீட்ரூட், கொத்தவரை ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போர் தண்ணீரே உப்பென்றால் இதில் உப்பு இன்னும் கூடியிருக்கும், தொடர்ந்து விட்டால் சில மாதத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைப் பூச்செடிக்கும் மரத்துக்கும் விடலாம், கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் வேண்டாம்.

டிரம்மில் பிடித்து வைத்தால் கொசுவலையால் இறுக்கி மூடுங்கள். டெங்கு கொசு வளர ஒரு வாரம் போதும், தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வர இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சரி, மே மாதத்துக்கு என்னதான் செய்வது?

மே மாதத்தில் தோட்டத்தை நடத்தாமல் ஓய்வு கொடுப்பதே என் பதில். ஏப்ரல் கடைசியில் காய்ப்பு முடிந்த செடிகளைப் பிடுங்குங்கள், மண்ணை நன்றாக நனையுங்கள், மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பை இழுத்துப் போர்த்தி ஓரங்களை மண்ணால் மூடிவிடுங்கள். நாலைந்து வாரம் அப்படியே விட்டால் உள்ளே ஏறும் சூட்டில் மேல் மண்ணில் உள்ள களை விதை, பூஞ்சணம், வேர்முடிச்சு நூற்புழு எல்லாம் பெருமளவு அழியும். நம்மை ஊரைவிட்டு விரட்டிய அதே கத்திரி வெயில் இங்கே சம்பளமில்லாமல் வேலை செய்யும். ஜூனில் விரிப்பை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் கம்போஸ்ட் போட்டால் ஆடிக்குத் தயார்.

ஒரு பாத்தியை மட்டும் பசுமையாக வைத்துக்கொள்ள ஆசையென்றால் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள், மண்மேல் சருகு மூன்று அங்குலம் போடுங்கள். பிறகு ஒரு 500 லிட்டர் தொட்டியை மூன்றடி மேடையில் வைத்துச் சொட்டுநீர்க் குழாய் இழுத்தால், தினமும் யாராவது வால்வைத் திறந்து மூடினால் போதும். அந்த யாராவது ஊரில் இருக்கிறாரா என்று ஏப்ரலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காவலாளி அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. அவர் செய்கிறார் என்றால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

எந்த மாதம் என்ன போடலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பாத்திக்கும் பொருந்தும். ஆடியில் கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, புடலை, பீர்க்கன், பாகல். அவரையை எப்போது போட்டாலும் பனிக்காலத்தில் பகல் குறுகும்போதுதான் பூக்கும் என்பதால் நாட்டு அவரையை ஆடியைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். தக்காளி நாற்றை ஐப்பசி அடைமழையில் நடாதீர்கள், கார்த்திகை கடைசியில் நட்டால் தை, மாசியில் நன்றாகக் காய்க்கும். தைப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி.

முதல் முதலாக என்ன போடுவது என்று கேட்டால் கீரைதான். சிறுகீரை, முளைக்கீரை 25, 30 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். மூன்று மாதம் காத்திருந்து கத்தரிக்காய் பார்க்கும் பொறுமை புதுக் குழுவுக்கு இருக்காது. ஒரு மாதத்தில் ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை கையில் வந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாக வருவார்கள்.

ஒரு பாத்தியில் வெண்டை 15 செடி, கத்தரி 6 செடி, அதற்கு மேல் நெருக்காதீர்கள். கொடிகளுக்குப் பந்தலை மேற்குப் பக்கம் போட்டால் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். முருங்கை, கறிவேப்பிலை, வாழை மூன்றையும் வேலி ஓரம் நடுங்கள், பாத்திக்குள் விடவே விடாதீர்கள்.

விளைந்ததை எப்படிப் பங்கு போடுவது?

நான்கு பாத்தி சேர்ந்தால் பயிர் நிற்கும் இடம் 100 சதுர அடிகூட வராது. எட்டு வீட்டுக் காய்கறிச் செலவு இதில் குறையப் போவதில்லை, அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் அறுவடை. அந்த நேரத்துக்கு வந்தவர்களுக்குள் சம பங்கு. மற்ற நேரத்தில் யாரும் பறிக்கக் கூடாது. தோட்டத்தில் கைகொடுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலாளிக்கும் பங்கு உண்டு என்று விதியிலேயே எழுதுங்கள், மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று விட்டால் மிச்சம் இருக்கவே இருக்காது.

யாரோ நான்கு தக்காளி பறித்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் சண்டை வரும், வராத இடமே இல்லை. நாங்கள் வழியோரப் பாத்தியில் கீரையும் புதினாவும் போட்டு, யார் வேண்டுமானாலும் ஒரு பிடி கிள்ளிக்கொள்ளலாம் என்று பலகை வைத்தோம். அதற்குப் பிறகு உள்பாத்திகளில் கைவைப்பது ரொம்பக் குறைந்துவிட்டது.

பூச்சி, எலி, பூனை?

பெருச்சாளிதான் சென்னையில் முதல் எதிரி. பாத்திக்கு அடியிலிருந்து வளை தோண்டி வந்து வேரோடு சாய்க்கும். மண் போடுவதற்கு முன்பே அடியில் அரை அங்குல வெல்டு மெஷ் கம்பி வலை விரித்துவிடுங்கள், கோழி வலையைக் கடித்துக் கிழித்துவிடும். பூனைக்குப் புது மண் என்றால் கழிப்பறை, நாற்று வளரும்வரை முள்குச்சியோ வலையோ போட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள், வெறும் கையால் தொடாதீர்கள், பாத்தி மண்ணில் உப்பைத் தூவாதீர்கள்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சியைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே பாதி விரட்டலாம். ரசாயன மருந்து அடிப்பதா இல்லையா என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். என் கருத்து, வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடும் இடம் இது. தவிர, பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தலைகாட்டி மல்பெரி, மரவள்ளி என்று பரவி மருந்துக்கு அடங்காமல் இருந்தபோது, 2010-ல் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவிகள்தான்.

வெள்ளம் வந்தால்?

புயல் எச்சரிக்கை வந்தவுடன் பந்தல் கொடிகளை அவிழ்த்துக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், காய்களைப் பறித்துவிடுங்கள், நிழல் வலையைக் கழற்றுங்கள். சுத்தமான மழைநீர் சூழ்ந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்த மாதிரி சாக்கடை கலந்த வெள்ளம் பாத்தியை மூடியிருந்தால் கீரை முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாத்தியில் மூன்று நான்கு மாதத்துக்குக் கீரை, முள்ளங்கி, பச்சையாகச் சாப்பிடும் எதுவும் வேண்டாம்.

பயிற்சி, விதை, மானியம் எங்கே கிடைக்கும்?

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுக்கிறது, வருடத்துக்கு வருடம் அளவும் விலையும் மாறும், உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. திரூர், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் ஆலோசனை கிடைக்கும். குழுவில் இரண்டு பேரையாவது ஒரு பயிற்சிக்கு அனுப்புங்கள், ஒருவரை மட்டும் அனுப்பினால் எல்லாக் கேள்வியும் அவர் தலையில் விழுந்து அவர் ஓடிவிடுவார்.

இப்போதே மே ஆகிவிட்டது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

இல்லை, தொடங்க இதுதான் சரியான நேரம். மே மாதத்தில் அளந்து, தீர்மானம் போட்டு, கல்லும் மண்ணும் பேசி முடியுங்கள். ஜூன் முதல் பாதியில் கட்டி முடித்தால் மண் நிரப்பி, இடையில் வரும் சாயங்கால மழையில் அது இறங்க ஒரு மாதம் கிடைக்கும். ஜூலை தொடக்கத்தில் மண் இறங்கிய அளவுக்கு உரம் போட்டு நிரவுங்கள், கத்தரி, மிளகாய் விதையைக் குழித்தட்டில் போட்டு யாராவது ஒரு வீட்டு பால்கனியில் வையுங்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி வரும். அன்று இரண்டு பாத்தியில் நாற்று, ஒன்றில் வெண்டையும் ஓரத்தில் அவரையும், ஒன்றில் அரைக்கீரை. மண்வெட்டி இரண்டு, களைக்கொத்து நான்கு, பூவாளி இரண்டு இருந்தால் போதும், வேறு எதையும் முதல் வருடம் வாங்காதீர்கள்.